ஆமென் போட்டவர்களில் எத்தனை பேர் படித்தார்கள்?

இணையத்தின் வழியாக வேதாகமத்தைக் கற்பித்து ஒருவரை ஆவிக்குரிய வாழ்வில் வளர்க்க முடியுமா, முடியுமென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் முதல் இரண்டு வருடம் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல். தினமும் காலை ஆறு மணிக்கு சூரிய உதயப் படத்தின்மேல் ஒரு வசனம் அனுப்புவேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் முந்தைய நாள் வசனத்தையே மறுபடி அனுப்பிவிட்டேன். முந்தைய நாள் ஆமென் போட்ட அதே ஆட்கள், அதே கூப்பிய கைகளோடு மறுபடியும் ஆமென் போட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அனுப்பிய நானே படிக்கவில்லையே.

தனி வசனத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ‘உங்கள்மேல் நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே’ என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 எத்தனை வாக்குத்தத்தப் படங்களில் வந்திருக்கும்! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது அது. அதற்கு முந்தைய வசனம், ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. படத்தில் பத்தாம் வசனத்துக்கு இடம் விடுவதில்லை.

இப்போது ஏழு பேர்தான். ஜூமில் வாரம் ஒருமுறை, 50 நிமிடம். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டோம்: 16 அதிகாரம், 16 வாரம். அதிகாரத்தை ஒருவர் வாசித்து இரண்டு நாள் முன்பே குரல் பதிவாகப் போட்டுவிடுவார். பார்வை மங்கியவர்களும் பயணத்தில் இருப்பவர்களும் கேட்டுவிட்டு வருவார்கள். நான் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் கை உயர்த்த ஒருவரை நியமித்திருக்கிறேன். (பிரசங்கத்துக்கு யூடியூப் இருக்கிறது, என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் அதில் ஏராளம்.)

இணையத்தின் அருமை எனக்குப் புரிந்தது ஐந்தாம் அதிகாரத்தில். ஒருவனைவிட்டு இயேசு துரத்திய பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் புகும் பகுதி அது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு தம்பி இரவு பதினொன்றரைக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: ‘அண்ணா, ஏறக்குறைய 2000 பன்றிகள் கடலில் பாய்ந்து மாண்டனவே, அவற்றின் சொந்தக்காரருக்கு யார் பணம் கொடுத்தது?’ நாலு பேர் நடுவில் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். என்னிடம் பதில் இல்லை. ‘மேற்கொண்டு படித்துப் பாருங்கள்’ என்றேன். சற்று நேரம் கழித்து ‘17’ என்று ஒரே ஓர் எண் வந்தது. ஊர்க்காரர்கள் இயேசுவைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்ளும் வசனம். பிசாசு பிடித்திருந்தவன் புத்தி தெளிந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவர்களுக்கோ பயம், கூடவே பன்றிக் கணக்கு. அடுத்த வாரம் அந்தப் பகுதியை நடத்தியது அந்தத் தம்பிதான்.

ஜெபக்குறிப்புகளை மட்டும் குழுவில் எழுத விடுவதில்லை. ஒருவருடைய நோய் விவரம் கைமாறிக் கைமாறிப் போய், அவர் சொல்லாமல் வைத்திருந்த உறவினர்களுக்கே வந்து சேர்ந்தது. அதற்குத் தொலைபேசிதான். இரண்டு வாரம் வராதவரையும் அழைத்துத்தான் பேசுகிறேன். முடிந்தால் நேரில் போகிறேன். எழுதுவதற்கு நிறைய இருந்தும், காகிதமும் மையும் வேண்டாம், முகமுகமாய்ப் பேச வருகிறேன் என்று யோவானின் இரண்டாம் நிருபம் முடிகிறது. நம் காகிதமும் மையும் இந்தத் திரை. ஞாயிறு ஆராதனை நேரத்தில் நான் வகுப்பு வைக்காததும் அதனால்தான்.

தொடங்குவதற்கு மாற்கு நீளம் என்று தோன்றினால் பிலேமோன் நிருபத்தை எடுங்கள். மொத்தமே 25 வசனம். ஒநேசிமு என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி அவனுடைய எஜமானைப் பவுல் சிறையிலிருந்து கேட்கிறார். எஜமான் என்ன செய்தான் என்பது அதில் இல்லை. முதல் வகுப்பில் அதைக் கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள்.