தீவு நாடுகளின் சாப்பாட்டுக்கு எவ்வளவு எரிசக்தி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாலத்தீவு, மொரீஷியஸ் இரண்டில் எந்த நாடு உணவுக்கு அதிக எரிசக்தி செலவழிக்கிறது?

பதில்: நாட்டுக்குள் எரிவதை மட்டும் கூட்டினால் மாலத்தீவு சிக்கனமாகத் தெரியும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். அங்கே நெல் வயல் கிடையாது. அரிசி, மாவு, சர்க்கரை எல்லாம் கப்பலில் வந்து இறங்குகின்றன. யூரியா தயாரிக்க எரிந்த எரிவாயுவும், அரிசி ஆலை இழுத்த மின்சாரமும் விளைவித்த நாட்டின் பெயரில் பதிவாகிவிடும். மொரீஷியஸில் கதை வேறு. கரும்பு அங்கேயே விளைந்து அங்கேயே ஆலைக்குப் போகிறது. சர்க்கரையில் பெரும்பகுதி ஏற்றுமதி. கரும்புச் சக்கையை எரித்து எடுத்த மின்சாரத்தை 1957 முதலே ஆலைகள் வெளியே விற்றும் வருகின்றன. ஆனால் அரவைப் பருவம் முடிந்ததும் அப்படிப்பட்ட மின் நிலையங்கள் நிலக்கரிக்கு மாறியிருக்கின்றன. எந்த மாதத்து மின்சாரம் என்றும் பார்க்க வேண்டும். இரண்டு நாட்டையும் ஒப்பிட வேண்டுமானால், அங்கே ஒருவர் சாப்பிடுவதை எடுத்துக்கொண்டு, அது எங்கே விளைந்தாலும் சரி, வயலிலிருந்து அடுப்பு வரை கூட்டுங்கள். ஏற்றுமதியைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் சீஷெல்ஸ்?

பதில்: அதே சிக்கல்தான், இன்னும் கூர்மையாக. விக்டோரியா துறைமுகத்தில் உள்ள சூரை மீன் டின் தொழிற்சாலை உலகின் பெரியவற்றில் ஒன்று. டின்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. மக்கள்தொகையோ லட்சத்துச் சொச்சம். அந்தத் தொழிற்சாலைக் கொதிகலன் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: உணவு அவ்வளவு தூரம் கடல் கடந்து வருவதுதானே பெரிய செலவு?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரிய கப்பலில் ஒரு டன் சரக்கைக் கொண்டுவர ஆகும் எரிபொருள் மிகக் குறைவு; விமானத்தில் அதைப்போல் பல மடங்கு. என் கவலையெல்லாம் மாலத்தீவின் தலைநகர் மாலே துறைமுகத்துக்கு அப்புறம் நடப்பதுதான். மக்கள் வாழும் தீவுகள் 180-க்கும் மேல். சரக்கு சின்னப் படகுக்கு மாறுகிறது, பாதி நிறைந்தும் ஓடுகிறது. ஒவ்வொரு தீவிலும் தனி மின் நிலையம், பெரும்பாலும் டீசல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் இருக்கிறது. சின்ன ஜெனரேட்டரிலிருந்து மின்சாரமாகக் கிடைப்பது 3 யூனிட்டுக்குச் சற்று மேல். கோழிக்கறியை உறையவைத்திருக்கும் ஃப்ரீசர் இரவும் பகலும் அதில்தான் ஓடுகிறது. அந்த டீசலும் படகில்தான் வந்தது.

கேள்வி: தீவிலேயே காய்கறி வளர்த்தால்?

பதில்: திறந்த வெளியில் என்றால் தாராளமாக. கடல்நீரைச் சுத்திகரிக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல். சொட்டுநீர் போட்டால் கட்டுப்படியாகும். மூடிய அறைக்குள் எல்இடி விளக்கும் ஏசியும் வைத்து டீசலில் கீரை வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: குளிர்பதனம் இல்லாமல் வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. நம் சமையலறைக்கும் தெரிந்த மாசிக் கருவாடு. சூரையை நான்காக வகுந்து, உப்புநீரில் வேகவைத்து, விறகுப் புகையில் போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். மாதக்கணக்கில் கெடாது, ஒரு யூனிட் மின்சாரமும் வேண்டாம். ஆனால் பொறுக்கிவந்த விறகுக்கும் தேங்காய் மட்டைக்கும் பில் கிடையாது. அதனால் எரிசக்திப் புள்ளிவிவரத்தில் அவை எளிதில் விடுபட்டுப்போகும். வீடு வீடாகக் கேட்டு, எடை போட்டுத்தான் எழுத வேண்டும்.