தம்பி தட்டச்சு செய்த பாட்டு

கேள்வி: என் தம்பி கணினியில் நாலு வார்த்தை தட்டுகிறான். ‘மழை, பிரிவு, மெதுவான தாளம், பெண் குரல்.’ ஒரு நிமிடத்தில் முழுப் பாட்டு வந்து விழுகிறது. “நானும் இசையமைப்பாளர்தான் அக்கா” என்கிறான். நான் பன்னிரண்டு வருடம் வயலின் கற்றவள். அவன் போட்டுக் காட்டியதில் ஒன்று எனக்கே பிடித்துப்போய், துணி மடிக்கும்போது முணுமுணுக்கிறேன். அதுதான் எரிச்சலே. இதெல்லாம் கலையா? வீட்டில் தினமும் இதே சண்டை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முணுமுணுத்ததற்கு வெட்கப்படாதீர்கள். செய்தது யார் என்று விசாரித்துவிட்டா காது ரசிக்கிறது? 1997-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மூன்று பியானோத் துண்டுகளை வாசித்துக் காட்டினார்கள். ஒன்று பழைய ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதியது. ஒன்று ஸ்டீவ் லார்சன் என்ற பேராசிரியர் பாக் பாணியில் எழுதியது. மற்றொன்று டேவிட் கோப் என்ற இசையமைப்பாளர் உருவாக்கிய கணினி நிரல் எழுதியது. எது யாருடையது என்று கேட்டதும், நிரல் எழுதியதைத்தான் பாக் என்றது அவை. பாவம் லார்சன், அவருடையதைக் கணினியின் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் ‘அக்காவுக்கே பிடித்துவிட்டது’ என்று தம்பி ஜெயிக்க முடியாது. ‘கணினி போட்டது’ என்று சொல்லி நீங்களும் ஜெயிக்க முடியாது.

சண்டையும் புதிதல்ல. 1790களில் மொசார்ட் பெயரைப் போட்டு ஒரு பகடை விளையாட்டு அச்சானது. (அவர்தான் செய்தாரா என்பது உறுதியில்லை. பெயருக்கு அன்றும் விலை இருந்தது.) இரண்டு பகடையை உருட்டி, கூட்டுத்தொகைக்கு உரிய இசைத்துண்டை அட்டவணையில் பார்த்து எடுக்க வேண்டும். பதினாறு முறை உருட்டினால் ஒரு வால்ட்ஸ் நடன இசையின் பதினாறு துண்டும் சேர்ந்துவிடும். சுரம் தெரியாதவர் உருட்டினாலும் கேட்கும்படிதான் இருக்கும். எதன் பக்கத்தில் எது விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளும்படி யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த அட்டவணையை எழுதியிருக்கிறாரே! உருட்டியவரை யாரும் மொசார்ட் என்று கூப்பிடவில்லை.

நீங்கள் வயலின்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1956-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜரன் ஹில்லர், லெனர்ட் ஐசக்சன் என்ற இருவர் ‘இலியாக்’ கணினியைக் கொண்டு நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கான ஒரு படைப்பில் இறங்கினார்கள். ஹில்லர் வேதியியலாளர், இசையும் முறையாகப் பயின்றவர். கணினி குருட்டாம்போக்கில் எண்களைக் கொட்டும். ஒவ்வோர் எண்ணும் ஒரு சுரம். பழைய இசை இலக்கண விதிகளோடு அதை ஒப்பிட்டு, மீறினால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். எதை வைத்தாலும் ஒட்டாத முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் திரும்ப முதலிலிருந்து. இவ்வளவுக்கும் பிறகு வெளியே வந்தது வெறும் எழுத்தும் எண்ணும்தான். மனிதர்கள் அதைக் கையால் இசைக்குறிப்பாகப் பெயர்த்தார்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ எடுத்து வாசித்தார்கள். முதல் இரண்டு பகுதிகள், என் காதுக்கு, பாடப்புத்தகப் பயிற்சி மாதிரிதான் இருக்கின்றன. அவர்களும் ஒன்றும் பீற்றிக்கொள்ளவில்லை. நான்கு பகுதிகளுக்கும் ‘சோதனை’ என்றே பெயர் வைத்தார்கள்.

கோப் கதைக்கு வருகிறேன். ஒருநாள் நிரலை ஓடவிட்டுச் சாப்பிடப் போனாராம். திரும்பி வந்தால் பாக் பாணியில் 5,000 கோரல்கள் (தேவாலயச் சேர்ந்திசைப் பாடல்கள்)! யார் உட்கார்ந்து கேட்பது? கேட்டால் கேட்ட அளவுக்குக் கிடைக்கிற பொருளை யாரும் மதிப்பதில்லை என்று அவருக்கே உறைத்து, பிற்பாடு அந்த நிரலின் தரவுத் தொகுப்பை அழித்துவிட்டார்.

என்னைக் கேட்டால், ‘இது இருக்கட்டும், இது வேண்டாம்’ என்று ஒருவர் முடிவு செய்து, ஏன் என்று கேட்டால் பதில் சொல்லவும் நிற்கிற இடத்தில்தான் கலை இருக்கிறது. ஹில்லர் எந்த விதி வேண்டும் என்று தேர்ந்தார். கோப் வருடக்கணக்கில் பாக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார். உங்கள் தம்பி என்ன செய்தார்? முதலில் வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார் என்றால், நிறம் சொல்லிச் சட்டை வாங்கியவர் தையற்காரர் ஆகிவிட மாட்டார். ஐம்பதைத் தள்ளி, ஒரு சரணத்தை வெட்டி, தாளத்தைத் தளர்த்தி, வரியை மாற்றினார் என்றால் பேச்சே வேறு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான்: கட்டளை வரி கொடுத்தால் மட்டும் ஆசிரியர் ஆகிவிட முடியாது; மனிதர் தேர்ந்து, அடுக்கி, திருத்திய பங்குக்குத்தான் உரிமை.

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். அந்த ‘பெண் குரல்’ ஆகாயத்திலிருந்து வரவில்லை. எண்ணற்ற பேர் பாடிப் பதிந்ததைக் கேட்டுத்தான் கணினி பழகியிருக்கிறது. அனுமதி கேட்காமல் எடுத்தார்கள் என்று 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள், இப்படிப் பாட்டுப் போட்டுத் தரும் சூனோ, யூடியோ இரண்டின் மீதும் வழக்குப் போட்டன. பாட்டுக்கு அடியில் தன் பெயரைப் போடுகிறவர், கணினியில் செய்தது என்றும் சேர்த்துப் போட்டால் மரியாதை.

சண்டையை இப்படி நிறுத்திப் பாருங்கள். முணுமுணுக்கிற அந்த மெட்டை வயலினில் வாசியுங்கள். இலியாக்குக்கும் கடைசியில் வில் பிடித்த கைகள்தானே வேண்டியிருந்தன? எந்த இடத்தில் வில் முரண்டு பிடிக்கிறதோ அதைக் குறித்துத் தம்பியிடம் காட்டுங்கள். உட்கார்ந்து அந்த இடத்தைத் திருத்துகிறாரா, “விடு அக்கா, வேற ஒண்ணு போட்டுத் தரேன்” என்கிறாரா? எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.