50/60 சுவிட்ச் (படம் நொடிக்கு 50 முறையா 60 முறையா என்று மாற்றுவது) வைத்த பழைய சேகா மெகா டிரைவ் வீடியோ கேம் பெட்டி, 50-இல் வண்ணமாகவும் 60-இல் கறுப்பு வெள்ளையாகவும் தெரிகிறது. வண்ணத்தை எப்படி வரவழைப்பது?

உங்கள் பெட்டியும் பழுதாகவில்லை, டிவியும் பழுதாகவில்லை. 50-இல் வைத்தால் வண்ணம் ஒழுங்காக வருகிறது, 60-இல் வைத்தால்தான் போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவே போதுமான சான்று. ஆகவே "ஐ.சி. போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு நல்ல பெட்டியைப் பாழாக்க இருந்ததைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளுக்கோ ஐரோப்பாவுக்கோ என்று செய்யப்பட்ட, பால் (PAL) என்ற கலர் டிவி முறைப் பெட்டி உங்களிடம் இருக்கிறது, அதன் பின்புறம் துளையிட்டு யாரோ சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், டிவிக்கு மஞ்சள் முனை ஒயரில் படம் போகிறது என்று வைத்துக்கொள்கிறேன். சுவிட்ச் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. 50-இல் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும்; 1991-இல் வந்த முதல் சோனிக் ஆட்டத்தில் பாட்டுகூட இழுத்துக்கொண்டு கேட்கும். 60-இல் ஒருமுறை ஆடியவர் மறுபடி 50-க்குப் போக மாட்டார். ஆனால் சுவிட்ச் வைக்கிறவர்கள் பெரும்பாலும் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மீதிப் பாதி என்னவென்றால், மெகா டிரைவுக்குள் எல்லாவற்றையும் ஓட்டுவது ஒரே ஒரு கிளாக், அதாவது சீராகத் துடிக்கும் அலை. பால் பெட்டியில் அது 53.203424 மெகாஹெர்ட்ஸ், ஜப்பான் மற்றும் அமெரிக்கப் பெட்டிகளில் 53.693175. படத்தை உருவாக்கும் வி.டி.பி. என்ற சில்லு, 50-இல் இருக்கும்போது இதை 12-ஆல் வகுத்து, வண்ணத்தைச் சுமந்து போகும் துணை அலையை வெளியே தருகிறது. வகுத்துப் பாருங்கள், 4.4336 வரும், பால் டிவி எதிர்பார்ப்பது அதைத்தான். சுவிட்சை 60-க்குத் தள்ளியதும் அதே சில்லு 15-ஆல் வகுக்கத் தொடங்கிவிடும். அமெரிக்கப் பெட்டியில் அப்படி வகுத்தால் 3.579545 என்று, அமெரிக்கா, ஜப்பானின் கலர் டிவி முறையான என்.டி.எஸ்.சி.க்கு உரிய எண் அச்சாக விழும். உங்கள் பெட்டியில் விழுவதோ 3.5469. பாலுக்கும் ஆகாது, என்.டி.எஸ்.சி.க்கும் ஆகாது, பின்னதிலிருந்து ஏறக்குறைய 32.6 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. டிவியின் வண்ணப் பகுதி சில நூறு ஹெர்ட்ஸ் பிசகைத்தான் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும். அதற்கு மேல் போனால், தாறுமாறான வண்ணத்தைக் காட்டுவதைவிடக் காட்டாமலிருப்பதே மேல் என்று கலர் கில்லர் சுற்று வண்ணத்தை அடியோடு நிறுத்திவிடும். நீங்கள் பார்க்கும் கறுப்பு வெள்ளை அதுதான்.

இப்போது என் கதை. நான் பொறியாளன் அல்லன், ஐ.டி.ஐ.யில் படித்து, பாளையங்கோட்டையில் பல காலம் டிவி ரிப்பேர் பார்த்து, பிக்சர் டியூப் டிவிக்கு ஆள் வராமல் போனபின் இன்வெர்ட்டர், சிசிடிவி என்று மாறியவன். கடையநல்லூரில் இருக்கும் நண்பருக்கு அவர் தம்பி சார்ஜாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மெகா டிரைவ் 2 இதே நிலையில் இருந்தது. அவர் அதை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்ட, அங்கிருந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கலர் ஐ.சி. போயிட்டு அண்ணாச்சி, மெட்ராஸ்லேருந்து வரவழைச்சி மாத்திருதேன்" என்று சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டார். நண்பருக்கு மனம் கேட்காமல் அடுத்த கடைக்குப் போனார். "நம்ம ஊரு கரண்டு அம்பது ஹெர்ட்ஸ்லா, அறுவதுல எப்படிக் கலர் வரும்?" என்பது அங்கே கிடைத்த விளக்கம். அடாப்டர் கொடுப்பது டி.சி.; பாபநாசத்திலிருந்து வரும் மின்சாரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியவே வழியில்லை. இருந்தும் இந்த விளக்கத்தை இன்றைக்கும் பலர் சொல்லக் கேட்கிறேன்.

பெட்டி என் மாடியறைக்கு வந்தது. என்னிடம் மல்டிமீட்டர் மட்டும்தான். மெகாஹெர்ட்ஸ் எண்ணுவதற்கு அது உதவாது. ஒரு பாலிடெக்னிக்கின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டு, மாலையில் மாணவர்கள் போனபின் அங்கே கொண்டுபோனேன். பலகையில் சோனியின் சி.எக்ஸ்.ஏ. 1145 என்ற என்கோடர் (வண்ணங்களைச் சேர்த்து மஞ்சள் ஒயரில் போகும் படமாக்கும் ஐ.சி.) இருந்தது; துணை அலை அதன் 6-ஆம் காலில்தான் நுழைகிறது. அலையின் மெகாஹெர்ட்ஸை எண்ணும் ஃப்ரீக்வென்சி கவுண்டரின் முனையை அதில் வைத்துச் சுவிட்சை 50-இல் தள்ளினால் 4.4336, 60-இல் தள்ளினால் 3.5469. கடைசி இலக்கம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, மற்றவை அசையவில்லை. ஐ.சி. போயிருந்தால் 50-இல் மட்டும் வண்ணம் எங்கிருந்து வரும் என்று அந்த முன்பணம் வாங்கியவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பணத்தையும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

செய்த வேலை இவ்வளவுதான்: 6-ஆம் காலுக்கு வி.டி.பி.யிலிருந்து வரும் வழியைத் துண்டித்துவிட்டு, தனியாக 4.433619 மெகாஹெர்ட்ஸ் அலையை அதற்குள் கொடுத்தேன். அந்தக் கிரிஸ்டலுக்காக எங்கும் அலையவில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு பால் முறையில் தொடங்கியதிலிருந்து இங்கு விற்ற கலர் டிவிகளில் பாதிக்குப் பாதி அந்தக் கிரிஸ்டலைச் சுமந்தவைதான். செத்துப்போன பலகை ஒன்றிலிருந்து கழற்றினேன். நீங்களும் அப்படிக் கழற்றுவதானால், மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். சில டிவிகளில் 8.867 என்று இரட்டிப்பான கிரிஸ்டல் இருக்கும், அதை அப்படியே போட்டால் ஒன்றும் வராது. பழைய தொலைபேசிப் பலகைகளில் கிடைப்பது 3.579545, அது என்.டி.எஸ்.சி. எண்.

கிரிஸ்டல் தானாக அலையைத் தராது. 74எச்.சி.யு.04 என்ற லாஜிக் ஐ.சி. ஒன்றை டாட் போர்டுத் துண்டில் வைத்து, குறுக்கே 1 மெகா ஓம், இரு பக்கமும் 22 பிகோஃபாரட் செராமிக், அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு டிரிம்மர் (திருகிக் கூட்டிக் குறைக்கும் கெப்பாசிட்டர்) என்று அமைத்தேன். இவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை என்றால் நான்கு கால் உள்ள உலோக மூடி ஆஸிலேட்டர் மாட்யூலாகவே சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம். 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்தால் அலை வரும். எதுவானாலும் வெளிவரும் அலை முழு 5 வோல்ட் உயரத்தில் இருக்கும், 1145-க்கு அது அதிகம். வழியில் ஒரு ரெசிஸ்டரும் சிறிய செராமிக் கெப்பாசிட்டரும் தொடராக வையுங்கள், நான் 2.2 கிலோ ஓம் வைத்தேன்.

இதோடு விட்டுவிடக் கூடாது. என்கோடரின் 7-ஆம் கால், பால் முறையா என்.டி.எஸ்.சி.யா என்று அதற்குச் சொல்லும் கால். கிரவுண்டில் இருந்தால் பால், 5 வோல்ட்டில் இருந்தால் என்.டி.எஸ்.சி. சில பலகைகளில் 50/60 சுவிட்ச் இதையும் சேர்த்து இழுத்துவிடும். அப்படி இருந்தால் அந்த இணைப்பை வெட்டி 7-ஆம் காலை நிரந்தரமாகக் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள். இனிச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் டிவிக்குப் போவது பால் வண்ணம்தான். 60-இல் வருவதை பால்60 என்பார்கள்.

சோனிக் கேசட்டைச் செருகிச் சுவிட்சை 60-க்குத் தள்ளியபோது முதலில் சாம்பல் நிறப் படமே வந்தது. டிரிம்மரைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்ப, திரையில் பச்சையும் ரோஸும் பட்டை பட்டையாகச் சாய்ந்து ஓடின. இன்னும் ஒரு மயிரிழை திருப்பியதும் ஓட்டம் நின்று வானம் நீலமாக உட்கார்ந்தது. நண்பரின் மகன் "மாமா, தொடாதீங்க, அப்படியே விட்டுருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இருபது ஆண்டுக்கு முன் எனக்குச் சோறு போட்ட தொழில் இது என்பதால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

இனி வரக்கூடிய கண்டனங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "ஆர்.ஜி.பி. இருக்க இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் சொல்வது சரிதான். மெகா டிரைவின் ஏ.வி. முனையிலேயே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக வருகின்றன. அங்கே துணை அலைக்கே வேலையில்லை என்பதால் 60-இலும் வண்ணம் அப்படியே இருக்கும், படமும் கூர்மையாக இருக்கும். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஸ்கார்ட் முனை ஐரோப்பிய டிவிகளுக்கு உரியது. நம் வீட்டு டிவிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள்தான். கன்வெர்ட்டர் வாங்கக் கையில் பணம் இருக்கிறவர்கள் தாராளமாக அந்த வழியில் போகலாம், அப்போது பெட்டிக்குள் சால்டர் வைக்கவே வேண்டாம். ஆனால் சோனிக்கின் அருவி கோடு கோடாகத் தெரியும் என்பதற்குத் தயாராக இருங்கள். மஞ்சள் ஒயரில் கலங்கி ஒன்றானால்தான் அது தண்ணீர் போல இருக்கும். "கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடிவிட்டுப் போகலாமே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்டவர் அதைக் கேட்கவில்லை. தனி ஆஸிலேட்டர் வைத்தால் துணை அலை படத்தின் வரிகளோடு ஒத்து ஓடாது, ஓரங்களில் புள்ளிகள் ஊரும் என்பதும் உண்மையே. ஊரத்தான் செய்கிறது. சாம்பல் சோனிக்கைவிட அது எனக்குச் சம்மதம்.

டிவியைப் பொறுத்தவரை ஒரு வருத்தம் உண்டு. 2006-இலிருந்து அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி, இந்த மாதிரி ஆட்டங்களுக்கு அருமையான பெட்டி. என் வீட்டில் உள்ளது பால்60-ஐ முணுமுணுக்காமல் எடுத்துக்கொள்கிறது. அதைப் போய் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, எல்.இ.டி. டிவியில் படம் மங்கலாக இருக்கிறதே, பட்டனை அழுத்தினால் தாமதமாகக் குதிக்கிறதே என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். பரணில் ஒன்று கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். மிகப் பழைய டிவியில் 60-இல் படம் மேலும் கீழும் உருண்டால் பின்பக்கம் உள்ள வி-ஹோல்ட் திருகைத் திருப்பினால் நின்றுவிடும். மூடியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே பிக்சர் டியூபில் தேங்கும் மின்சாரம் அணைத்த பிறகும் ஆளைத் தூக்கி எறியும்.

உங்களுடையது ஜப்பான் பெட்டியாக இருந்து, அதை 50-க்கு மாற்றியபோது வண்ணம் போயிருந்தாலும் காரணம் இதுவே, 53.693175-ஐ 12-ஆல் வகுத்தால் 4.4744 வரும், அதையும் எந்த டிவியும் ஏற்காது. 4.433619 போட்டு 7-ஆம் காலைக் கிரவுண்டில் சேர்த்தால் அதுவும் சரியாகும். சுவிட்சின் இரண்டு பக்கத்திலும் வண்ணம் வரவில்லை என்றால் மட்டும் மேலே எழுதியது பொருந்தாது. அப்போது மஞ்சள் ஒயரையும் என்கோடரைச் சுற்றியுள்ள சிறு எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களையும் முதலில் பாருங்கள், ஐ.சி.யின் முறை அதற்குப் பிறகுதான்.