ஆபீஸ் மெயில் போட்டா என் ஃபோனையே அழிச்சிருவாங்களா?

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கிறவர் கேட்டிருக்கார்: "கம்பெனில மைக்ரோசாஃப்ட் 365 மெயிலுக்கு மாறிட்டாங்க. தனியா ஃபோன் எல்லாம் தரலை, என் சொந்த ஆண்ட்ராய்டு ஃபோன்லயே போட்டுக்கச் சொல்றாங்க. ஃபோன்கூட வந்த மெயில் ஆப்ல போட்டா 'எரேஸ் ஆல் டேட்டா'ன்னு பர்மிஷன் கேக்குதுங்க. பொண்ணோட ஃபோட்டோ பூரா இதுலதான் இருக்கு. ஓகே குடுக்கலாமா? நாளைக்கு வேலைய விட்டா நம்பரெல்லாம் போயிருமா?"

இப்போதைக்கு கேன்சல் குடுங்க. நீங்க பயந்தது சரிதான், அந்த ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்கோ அதேதான் அர்த்தம். ஃபோன்கூட வர்ற மெயில் ஆப் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க்ங்கிற முறையிலதான் ஆபீஸ் சர்வரோட பேசும், மெயில், காலண்டர், காண்டாக்ட்ஸ் மூணும் ஒரே குழாய்ல வரும், ஆனா அதே குழாய்ல சர்வரோட உத்தரவும் வரும்: ஸ்க்ரீன் லாக் வை, பின் இத்தனை இலக்கம் இருக்கணும், இந்த ஃபோனை அழி. அழின்னா மெயில மட்டும் இல்ல, ஃபேக்டரி ரீசெட், அதாவது ஃபோனே மொத்தமா காலியாகி புதுசு மாதிரி ஆயிடும். வேணும்னு யாரும் பண்ணப் போறதில்ல. ஆனா ஃபோன் தொலைஞ்சு போச்சுன்னு நீங்களே பதறிப்போய் ஆபீஸ்ல சொல்லி, அங்க ஐடி பையனும் பதறி அந்த அழிக்கிற உத்தரவைக் குடுத்து, சாயங்காலம் ஃபோன் பைக் கவர்ல கிடைச்சா?

அதனால ப்ளே ஸ்டோர்ல இருந்து அவுட்லுக் ஆப்பை இறக்கி அதுல போடுங்க. இதுலயும் ஆபீஸ் அழிக்கலாம், ஆனா போறது அந்த ஆப்புக்குள்ள இருக்கிற ஆபீஸ் சரக்கு மட்டும்தான், ஃபோட்டோவையும் வாட்ஸ்அப்பையும் தொடாது. யூட்யூப்ல சர்வர் பேரு, போர்ட் நம்பர், பாஸ்வேர்டுன்னு கையால அடிக்கச் சொல்ற பழைய வீடியோ நிறைய கிடக்கு, அதைப் பாத்து மண்டைய உடைச்சுக்காதீங்க. வெறும் பாஸ்வேர்டை வச்சு உள்ள போற பழைய வழிய மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர்ல இருந்து மூட ஆரம்பிச்சிட்டாங்க. ஐமேப்ங்கிற இன்னொரு மெயில் முறையில போட்டாலும் மெயில் மட்டும்தான் வரும், காலண்டரும் காண்டாக்ட்ஸும் வராது.

சில கம்பெனில கம்பெனி போர்ட்டல்னு இன்னொரு ஆப்பும் போடச் சொல்லுவாங்க. வொர்க் புரொஃபைல் உண்டாக்கச் சொன்னா தாராளமா ஒத்துக்கலாம், சொந்த ஃபோனுக்கு அதுதான் இருக்கிறதுலயே மரியாதையான ஏற்பாடுன்னு நான் சொல்லுவேன். ஆபீஸ் ஆப் எல்லாம் சின்ன பெட்டி படம் போட்ட ஐகானோட தனியா நிக்கும், ஆபீஸ் அழிக்க முடியறது அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதை மட்டும்தான், ஞாயித்துக்கிழமை மொத்தமா பாஸ் பண்ணி வச்சிடலாம். ஒரே ஒரு எரிச்சல், மெயில்ல வந்த அளவு சார்ட்டை காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல டெய்லருக்கு ஒட்டப் போனா ஒட்ட விடாம ஆபீஸ் தடுத்து வச்சிருக்கலாம். ஃபோன் ரிப்பேர்னு நினைச்சுக்காதீங்க.

இப்ப நம்பர் விஷயம். எல்லாரும் மாட்டிக்கிறது இங்கதான், நானும் மாட்டிருக்கேன். பழைய வேலைல இருந்தப்ப புது நம்பர் சேவ் பண்றப்ப எல்லாம் ஃபோன் அதுபாட்டுக்கு ஆபீஸ் அக்கவுண்ட்லயே போட்டுட்டு இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல. வேலைய விட்டு அக்கவுண்டை ரிமூவ் பண்ண அடுத்த நிமிஷம் எலக்ட்ரீஷியன், கேஸ்காரர், அம்மாவோட டாக்டர், எல்லாம் போச்சு. யாரும் திருடலை, அந்த நம்பரெல்லாம் என் ஃபோன்ல இருந்ததே இல்ல, ஆபீஸ் சர்வர்ல இருந்ததை ஃபோன் காட்டிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். கூகுள் காண்டாக்ட்ஸ் ஆப்ல புது நம்பர் சேக்கறப்ப எந்த அக்கவுண்ட்ல சேவ் ஆகுதுன்னு மேலயே காட்டும், அங்க உங்க சொந்த ஜிமெயில் இருக்கான்னு பாருங்க. ஏற்கனவே தப்பா போனது இருந்தா வேற அக்கவுண்டுக்கு மாத்துற வசதி அதே ஆப்ல இருக்கு, சாம்சங்னா 'மேனேஜ் காண்டாக்ட்ஸ்'ல பாருங்க. ஆனா சரக்கு வாங்கற பையரோட நம்பரை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போகலாமான்னு கேட்டா, அது கம்பெனி சொத்து, நான் சொல்லித் தர மாட்டேன்.

அவுட்லுக்ல 'சிங்க் காண்டாக்ட்ஸ்'னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஆன் பண்ணா பையர் கூப்பிடறப்ப பேர் காட்டும், கூடவே அந்த நம்பரெல்லாம் வாட்ஸ்அப் கண்ணுலயும் படும். ரெண்டும் சேந்துதான் வரும், பாத்து முடிவு பண்ணுங்க.

காலண்டர்ல ஒண்ணே ஒண்ணு. ஜெர்மனி பையரோட வாராவாரம் மீட்டிங் இருந்தா, அவங்க அனுப்பற இன்வைட்டை அக்செப்ட் பண்ணுங்க, மத்தியானம் 2:30னு நீங்களா ஒரு ரிமைண்டர் போட்டுக்காதீங்க. அவங்க காலை 10 மணி நமக்கு குளிர்காலத்துல 2:30, மார்ச் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை மாத்துனதும் 1:30 ஆயிடும், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்ப பழையபடி. இன்வைட்டுக்கு இது தெரியும், உங்க ரிமைண்டருக்கு தெரியாது. நீங்க சாப்பிட்டுட்டு இருக்கறப்ப அங்க அவங்க லைன்ல காத்துட்டு இருப்பாங்க.

இவ்வளவும் பண்ணியும் மெயில் மொத்தமா ஒரு மணி நேரம் கழிச்சு வந்து கொட்டுதுன்னா பேட்டரி செட்டிங்கைப் பாருங்க. ஷவோமி, விவோ, ரியல்மீ மாதிரி ஃபோனெல்லாம் சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன்னு பின்னாடி ஓடற ஆப்பை கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். அவுட்லுக்குக்கு பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஆட்டோஸ்டார்ட்டை ஆன் பண்ணுங்க.

வேலைய விடற அன்னைக்கு அக்கவுண்டை நீங்களே ரிமூவ் பண்ணிடுங்க, அவங்க பண்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஸ்கூல் வேன் டிரைவர் நம்பர் எந்த அக்கவுண்ட்ல இருக்குன்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்கங்க.