வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மஹிந்திரா தார் ஜீப்பில் ஏற்றலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு விக்கிரமசிங்கபுரம். 2016 தார் டீசல், ஃபோர் பை ஃபோர், போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மாமனாருக்குத் திசையன்விளைக்குத் தெற்கே தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டி ஒரு பனைவிளை, அதாவது பனந்தோப்பு, இருக்கிறது. கரண்ட் கிடையாது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இரண்டு மூன்று ராத்திரி அங்கே கூடாரம் போட்டுத் தங்க ஆசை. ஃபிரிட்ஜ், ரூஃப் டென்ட், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), கூரை மேல் லைட் பார் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியைப் பின்னால் வைத்து ஓட்டிவிடலாமா? எதை முதலில் செய்ய? பழகிப் பார்க்க முதலில் காரையாறு பக்கம் ஒரு ராத்திரி போகலாமா?

பதில்: பேட்டரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அந்த டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோ அளவுக்குக் கனக்கும். ஆசிட் தளும்பும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும். உங்கள் வண்டியில் பின்சீட்டுகள் எதிரெதிரே. நடுவில் அதை வைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் யார் காலில் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அது வீட்டிலேயே இருக்கட்டும், மின்வெட்டுக்கு ஆகும்.

இனி பட்டியலுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் மின்விசிறி இல்லை! நம் ஊர்ப் புழுக்கத்தில் கூடாரத்துக்குள் பிள்ளைகள் தூங்க வேண்டுமானால் முதல் செலவு அதுதான். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன விசிறி சுமார் 15 வாட் எடுக்கும். இரண்டு விசிறி ஒன்பது மணி நேரம் ஓடினால் 270 வாட்-மணி. இரண்டு எல்.இ.டி. விளக்குக்கு 50, நாலு போனுக்கு 60. ஆக ஒரு ராத்திரிக்கு 380. இதோடு ஃபிரிட்ஜைச் சேர்த்துப் பாருங்கள். கம்ப்ரஸர் வைத்த கார் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் என்று வைத்துக்கொண்டாலும், வெயில் நாளில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்துக்கு 540. மற்றதெல்லாம் சேர்ந்து தின்பதைவிட அது ஒன்றே அதிகம் தின்கிறது.

அதனால் முதல் இரண்டு மூன்று பயணத்துக்கு ஃபிரிட்ஜ் வாங்காதீர்கள். உவரி போன்ற கடற்கரை ஊர்களில் ஐஸ் கிடைப்பது சிரமமில்லை. மீன்காரர்கள் வைத்திருக்கும் கெட்டித் தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நிறைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு நிழலில் வைத்தால் பாலும் காய்கறியும் மறுநாள் வரை தாங்கும். பங்குனி, சித்திரையில் போனால் விளையிலேயே பதநீர் இறங்கும். குடிக்கச் சில்லென்று வேறு எதுவும் வேண்டியிருக்காது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் குட்டம் பக்கத்துத் தேரியில் நானே ஃபிரிட்ஜை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிவிட்டுத் தூங்கினேன். விடியும்போது சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போனில் சிக்னல் இல்லை. மணலில் நடந்து ஒரு பம்புசெட்டைக் கண்டுபிடித்து, அங்கே நின்ற டிராக்டர்காரரைக் கெஞ்சி, அவர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு எடுத்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி சில நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கச் செய்யப்பட்டது. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். வண்டி நிற்கும்போது அதில் எதையும் சொருகாதீர்கள்.

தங்கும் வேலைக்குத் தனியாக ஒரு பேட்டரி போடுங்கள். என் தேர்வு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட். 12.8 வோல்ட்டில் அது 1280 வாட்-மணி. அதில் தொண்ணூறு சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம். ஈய-அமில பேட்டரியில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எடையும் பதினைந்து கிலோவுக்குள். உங்கள் 380 வாட்-மணிக்கு இது மூன்று ராத்திரி தாங்கும். 100 வாட் சோலார் தகடு ஒன்றை நல்ல வெயிலில் வைத்தால், சேதாரம் போக ஒரு நாளைக்கு 350 அளவில் திரும்ப ஏற்றிவிடும். ஃபிரிட்ஜ் இல்லாதவரை கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிடுகிறது. தகடு வெயிலில் கிடக்க வேண்டும், வண்டி நிழலில் நிற்க வேண்டும். ஆகவே கூரையில் ஆணியடிக்காமல் நீள ஒயர் வைத்த மடக்குத் தகடு வாங்குங்கள்.

வண்டி ஓடும்போது இந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் போக, நடுவில் டிசி-டிசி சார்ஜர் (வண்டிக் கரண்டை அளவோடு ஏற்றும் கருவி) கட்டாயம். நேரடியாக இணைத்தால் லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் இழுக்கும், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் கருகும். 25 ஆம்பியர் சார்ஜர் உங்களுக்குப் போதும். ஆனால் வீட்டிலிருந்து விளைக்கு இரண்டு மணி நேர ஓட்டம்தானே, அதில் பாதி பேட்டரிதான் நிறையும். கிளம்பும் முன் வீட்டில் முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். பேட்டரியை பானெட்டுக்குள் வைக்க வேண்டாம். லித்தியத்துக்குச் சூடு ஆகாது. சீட்டுக்குக் கீழே, இரும்புப் பட்டை போட்டு இறுக்குங்கள்.

ஒயரிங்கில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்துவிட்டால், முன்னிருந்து பின்னுக்குப் போய்த் திரும்பும் எட்டு மீட்டரில் 25 ஆம்பியருக்கு ஒன்றேகால் வோல்ட்டுக்கு மேல் தொலையும். ஒயரும் கொதிக்கும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான். ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம். இதைச் செய்யாத ஆட்டோ எலக்ட்ரீஷியன் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ரூஃப் டென்ட் உங்கள் வண்டிக்கு இல்லை. கம்பெனியிலிருந்து வந்தது துணிக் கூரை, அதன் மேல் ஐம்பது அறுபது கிலோவை எங்கே வைப்பது? தரையில் போடும் கூடாரமே நல்லது. வின்ச்சும் வேண்டாம். அது மூக்கில் முப்பது கிலோ சொச்சம் கூடுதல் பாரம், தேரியில் கட்டி இழுக்க ஆளும் மரமும் தேட வேண்டும். லைட் பார், பம்பர் கம்பி என்று போவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் சிக்கவைக்கும். பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை மாற்றக் கூடாது.

அந்தக் காசைக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் போடுங்கள். தேரிமண் காய்ந்தால் மாவு மாதிரி. 32 பிஎஸ்ஐ காற்றோடு இறங்கினால் சக்கரம் குழிபறித்து உட்கார்ந்துவிடும். தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி 16-18க்கு இறக்குங்கள். டயர் சப்பிக்கொண்டு அகலமாகப் பதியும். 4எச்சில் (நாலு சக்கர இழுவை, வேக கியர்) போட்டு ஒரே சீராகப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள், வேகமாகத் திருப்பாதீர்கள். மண் ஆழமாகிவிட்டால் 4எல் (நாலு சக்கர இழுவை, மெது கியர்). சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டாம், மிதிக்க மிதிக்க ஆக்ஸில் வரை இறங்கும். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, பனைமட்டையை அடுக்கிக் கொடுங்கள். விளைக்காரர்கள் செய்வது அதுதான். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கெட்டிப் பலகையும் எடுத்துப் போங்கள். திரும்பித் தார்ச்சாலை ஏறியதும் முதல் வேலை 2எச்சுக்கு (இரண்டு சக்கர இழுவை) மாற்றுவது, அடுத்தது காற்றடிப்பது. கம்ப்ரஸர் கிளிப்பை வண்டி பேட்டரியில் நேராக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு 80 கிலோ. விளையில் கிணறு இருந்து தண்ணீர் உவர்க்காமல் இருந்தால் குடிக்க மட்டும் கொண்டுபோனால் போதும்.

கூடாரத்தைப் பனைக்கு அடியில் போடாதீர்கள். நிழல் அழைக்கும், ஆனால் காய்ந்த மட்டை சொல்லாமல் விழும், ஆவணியில் பழமும் விழும். ஆடி மாதம் போகவே வேண்டாம். அம்மியைத் தூக்கும் காற்று கூடாரத்தை விடுமா? பணகுடி, காவல்கிணறு வழியாக ஓட்டும்போது காற்றாலைக் காத்தாடிகள் சுற்றும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பள்ளமான இடமும் ஓடைக்கரையும் ஆகாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். தை, மாசிதான் உங்களுக்கு.

காரையாறு பற்றி: வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இலிருந்து. அனுமதியில்லாமல் காட்டுக்குள் ராத்திரி தங்குவது குற்றம், யானையும் கரடியும் நடமாடும் இடம் வேறு.

பழகிப் பார்க்க உங்கள் வீட்டு வாசலே போதும். ஒரு சனிக்கிழமை ராத்திரி கூடாரத்தை அங்கே போட்டு, வீட்டுக் கரண்டைத் தொடாமல் எல்லாவற்றையும் புது பேட்டரியில் ஓட்டுங்கள். லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து மிச்சம் கணிக்க முடியாது, ஆகையால் ஆம்பியர் எண்ணும் மீட்டர் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். காலையில் அது 70 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் கிளம்பலாம். 50க்குக் கீழே வந்திருந்தால் ஏதோ ஒன்று அணைக்காமல் ஓடியிருக்கிறது, அல்லது பிள்ளைகள் ராத்திரி முழுக்க டேப்லெட் பார்த்திருக்கிறார்கள்.