சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? கேள்வி பதில்

கேள்வி: சார், தூரம் ஓரிடத்தில் 2,900 என்றும் இன்னோரிடத்தில் 1,800 என்றும் மற்றொன்றில் 1,580 என்றும் இருக்கிறது. எது சரி?

பதில்: மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியில் இருப்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், விமானிகளுக்கு அதுதான் கணக்கு. சென்னை மீனம்பாக்கம், சிங்கப்பூர் சாங்கி ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளம் இது. உண்மையில் பறப்பது கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

கேள்வி: இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6க்குச் சேருகிறது. திரும்பும்போது இரவு 8க்குக் கிளம்பி 9.30க்கே சென்னை. எப்படி?

பதில்: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். போக நாலே கால் மணி, வர நாலு மணி. வீட்டுப் பெரியவர்கள் 'ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்' என்றால் அதுவும் தப்பில்லை, 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளும்வரை அப்படித்தான் இருந்தது.

கேள்வி: அந்தக் கால் மணி வித்தியாசம் பூமி சுற்றுவதாலா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. நேரத்தை மாற்றுவது மேலே வீசும் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் ஓடும். கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவது இதற்கு முக்கியக் காரணம். கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேலே நேரெதிர்த் திசையில் இது! 1950களில் இதை ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம், பலருக்கும் தெரிய வேண்டிய பெயர். விமானம் 11, 12 கிலோமீட்டரில் பறந்தாலும் அந்தக் காற்றோட்டத்தின் அடிப்பகுதி அதன்மேல் படும். அதனால் ஜூலையில் சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. மற்ற மாதங்களில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும்.

கேள்வி: டிக்கெட்டில் நாலே கால் மணி. விமானி மூணே முக்கால்தான் என்று அறிவித்தாரே?

பதில்: அவர் சொன்னது வானில் இருக்கும் நேரம். டிக்கெட்டில் இருப்பது ஒரு ஊரில் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் இன்னொரு ஊரில் நிறுத்துவது வரை. ஓடுபாதைக்குப் போகும் நேரம், வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: வழி முழுக்கக் கடலா? என் தாத்தா ரஜூலா கப்பலில் போனவர்.

பதில்: வங்காள விரிகுடாவைத் தாண்டி, நிக்கோபாரின் தென்முனைக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் பக்கமாகப் போய், பிறகு மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்கும். பகல் விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள். ரஜூலாவும் அந்த நீரிணை வழியாகத்தான் போனது. ஆனால் நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று போனதால் ஒரு வாரம் போல ஆகும்.

கேள்வி: அம்மா முதல்முறை வருகிறார். சாங்கிக்கு எத்தனை மணிக்குப் போக?

பதில்: டிக்கெட் நேரத்தை நம்பிக் கிளம்பாமல், விமானம் புறப்பட்ட பிறகு சாங்கியின் வருகைப் பட்டியலைப் பாருங்கள். இறங்கியதும் குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிய முக்கால் மணி வையுங்கள். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நீங்களே நிரப்பிவிட்டால் அம்மாவுக்கு அலைச்சல் இருக்காது.