கடலோடிகள் கேட்டவை: பெரும்பாயை ஏற்றுவதும் இறக்குவதும்

கேள்வி: 27 அடிப் பழைய பாய்ப்படகு ஒன்றைத் திருத்தி வருகிறேன். நானும் மனைவியும் மட்டும்தான் ஓட்டப்போகிறோம். பெரும்பாயைப் பாய்மரத்துக்குள் சுருட்டும் ஃபர்லிங் நல்லதா, பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பான பூமுக்குள் சுருட்டுவது நல்லதா, இல்லை பழையபடி இறக்கிக் கட்டினால் போதுமா?
– வாசகர், கல்லடி

பதில்: இறக்கிக் கட்டுங்கள். இந்த அளவுப் பாய் இரண்டு பேர் கைக்கு நன்றாக அடங்கும்.

ஒரு கயிற்றை இழுத்தவுடன் பாய் முழுவதும் பாய்மரத்துக்குள் போவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தப் பாயில் குறுக்குப் பேட்டன் (துணியை விறைப்பாக நிறுத்தும் மெல்லிய சட்டம்) வைக்க முடியாது. அதனால் பின்விளிம்பை உள்வளைவாக வெட்டுவார்கள். பரப்பில் 10 முதல் 20 சதவீதம் வரை போய்விடும். சுருளின் பாரம் உயரத்தில் நிற்பதால் சிறிய படகு கூடுதலாகச் சரியும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், சிக்குவதைப் பொறுக்க முடியாது. வெயிலில் கிடந்து தொய்ந்த துணி தளர்வாகச் சுற்றினால் ஒரு மடிப்புப் பாய்மரத்தின் பிளவில் இறுகிவிடும். பிறகு பாய் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பாதி விரிந்த பாயைக் கீழே இறக்கவும் வழியில்லை. கச்சான் காற்று கரையிலிருந்து கடல்பக்கம் தள்ளும் நேரத்தில் அப்படி நடந்தால் ஆபத்து.

பூமுக்குள் சுருளும் வகையில் பேட்டன் வைக்கலாம், சிக்கினாலும் பாயை இறக்கலாம். ஆனால் சுருட்டும்போது பூம், பாய்மரத்துக்கு ஏறக்குறைய 90 பாகையில் அசையாமல் நிற்கவேண்டும். சில பாகை பிசகினாலே முன்விளிம்புக் கயிறு ஒரே இடத்தில் குவிந்து இறுகும். விலையும் மிக அதிகம். பழைய 27 அடிப் படகுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

உங்கள் பாயின் முன்விளிம்பு 30 அடி என்று வைத்துக்கொள்வோம். முதல் ரீஃப் (பலத்த காற்றில் பாயைக் குறுக்கிக் கட்டும் வரிசை) 4 அடியிலும் இரண்டாவது 8 அல்லது 9 அடியிலும் இருக்கட்டும். இறங்கும் பாய் தளத்தில் சரியாமல் பூமின் மேல் அடங்க, இருபுறமும் 6 மில்லிமீற்றர் கயிற்றில் லேஸி ஜாக் (பாய்மரத்திலிருந்து பூமுக்கு வரும் ஏந்து கயிறுகள்) கட்டுங்கள். பக்கத்துக்கு இரண்டு கால் போதும். பாயை ஏற்றும்போது பேட்டன் முனை லேஸி ஜாக்கில் மாட்டுவதுதான் எல்லோரும் சொல்லும் குறை. ஏற்றுமுன் அந்தக் கயிறுகளைத் தளர்த்திப் பாய்மரத்தடிக்கு இழுத்துக் கொக்கியில் மாட்டிவிடுங்கள், இறக்குமுன் திரும்ப விரியுங்கள். மாட்டல் நின்றுவிடும்.

கேள்வி: கச்சான் காலத்தில் பாயைக் குறுக்கி ஓடியபோது, ரீஃப் வரிசையின் நடுக்கண்களில் துணி கிழிந்தது. பாய் புதியது. ஏன்?
– வாசகி, பாசிக்குடா

பதில்: நடுக்கண்களில் கட்டும் சிறு கயிறுகள் தொங்கும் துணியைச் சேர்த்துக் கட்டமட்டுமே. காற்றின் சுமையை முன்மூலை வளையமும் பின்மூலை வளையமும் தாங்கவேண்டும். பின்மூலைக் கயிறு கொஞ்சம் நழுவினாலும் சுமை முழுவதும் அந்தச் சின்னக் கண்களுக்கு வந்துவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். சிறு கயிறுகளைப் பூமைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தால் கிழிவது இன்னும் நிச்சயம்.

வரிசை இதுதான். படகைக் காற்றுக்கு நெருக்கமாகத் திருப்பி மெதுவாக ஓடவிடுங்கள். பூமின் பின்முனையைத் தாங்கும் மேற்கயிற்றை இறுக்குங்கள்; இதை மறந்தால், பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஆஞ்சானைத் தளர்த்தியவுடன் பூம் உங்கள் தலைக்கு வரும். பூமை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானையும், பூமைக் கீழே இழுக்கும் வாங்கையும் தளர்த்துங்கள். ஆஞ்சானை அடையாளம் வரை இறக்கி, முன்மூலை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஆஞ்சானைத் திரும்ப நன்றாக இறுக்குங்கள். அதன் பிறகுதான் பின்மூலைக் கயிறு. வளையம் பூமைத் தொடும்வரை வின்சில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) இழுக்கவேண்டும். முன்விளிம்பு இறுகுமுன் பின்மூலையை இழுத்தால், பாயைப் பாய்மரத் தடத்தில் பிடிக்கும் கீழ்ச் சிலைடுகள் பிய்யும். கடைசியாக மேற்கயிற்றைத் தளர்த்தித் தாமானை இழுத்து ஓடலாம்.

ஆஞ்சானில் எங்கே நிறுத்துவது என்ற குழப்பம் வராமல், ஒவ்வொரு ரீஃபுக்கும், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் வாயில் நிற்கும் இடத்தில் நிற நூலால் இறுக்கிச் சுற்றி வையுங்கள். இரவிலும் விரலுக்குத் தட்டுப்படும். நடுக்கயிறுகள் கட்டியே ஆகவேண்டும் என்றால் துணியை மட்டும் சேர்த்து, பாயின் அடிவிளிம்புக்கும் பூமுக்கும் இடையால் விட்டு, தளர்வாகக் கட்டுங்கள். பாயைத் திரும்ப விரிக்கும்போது முதலில் அவிழ்ப்பது அவற்றைத்தான்.

இன்னுமொன்று. கச்சான் தரைக்காற்று என்பதால் கரையோரம் அலை எழாது. தண்ணீர் அமைதியாகத் தெரியும், வெளியே போகப்போகத்தான் காற்றின் பலம் புரியும். திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் ஏறவேண்டும். ஆகவே கரையை விட்டு விலகுமுன்பே முதல் ரீஃபைப் போடுங்கள்.

கேள்வி: முன்மூலையையும் பின்மூலையையும் ஒரே கயிற்றால் இழுக்கும் முறை வசதியா? மீன்வலைக் கடையில் விற்கும் கயிறு போதுமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: வசதிதான், ஆனால் கணக்குப் பாருங்கள். 4 அடி ரீஃப் என்றால் பின்மூலையில் 8 அடி, முன்மூலையில் 8 அடி, ஆக 16 அடிக் கயிறு இழுக்கவேண்டும். இரண்டாவது ரீஃப் 8 அடி என்றால் 32 அடி. ஒவ்வொரு வளைவிலும் உராய்வு கூடுவதால், கப்பி உருளாவிட்டால் முன்மூலை இறங்கிப் பின்மூலை பாதியில் நிற்கும். முதல் ரீஃபுக்கு மட்டும் ஒற்றைக் கயிறு வைத்து, இரண்டாவதற்கு முன்மூலையையும் பின்மூலையையும் தனித்தனிக் கயிற்றில் விடுவது என் தெரிவு.

கயிறு 8 மில்லிமீற்றர் பொலியெஸ்டர், இரட்டைப் பின்னல். மீன்பிடி நைலோன் நங்கூரத்துக்கு நல்லது, ஆஞ்சானுக்கு ஆகாது: காற்று ஏற ஏற நீளும், முன்விளிம்பு சிலைடுக்குச் சிலைடு தொய்யும், பாய் வயிறு தள்ளும். பொலிப்ரொப்பிலீன் வெயிலில் பொடிந்துபோகும். பூமில் பின்மூலைக் கயிற்றைக் கட்டும் இடம் ரீஃப் வளையத்துக்கு நேர்கீழே இல்லாமல் 2, 3 அங்குலம் பின்னால் இருக்கட்டும். அப்போதுதான் அது பாயைக் கீழேயும் பின்னேயும் சேர்த்து இழுக்கும்.

கேள்வி: பூமின் மேலுள்ள பாய்ப்பையில் மாரியில் தண்ணீர் தேங்கிப் பாய் பூஞ்சணம் பிடிக்கிறது. சிலைடுகளும் இறுகுகின்றன.
– வாசகர், ஒலுவில்

பதில்: பையின் அடித்தையலில் அடிக்கொரு வடிகண் போடுங்கள், பூம் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து நின்றால் தண்ணீர் வடியும். சிலைடுகளுக்கு கிறீஸ் பூசாதீர்கள், மணல் ஒட்டும். நல்ல தண்ணீரில் தடத்தைக் கழுவிக் காயவைத்து, உலர் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் போதும். நவம்பரில் சூறாவளி எச்சரிக்கை வந்தால் பையை நம்பி விடவேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளி இந்தக் கிழக்குக் கரைக்கு என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். பாயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பேட்டன்களை உருவிய பிறகே மடியுங்கள், இல்லாவிட்டால் பேட்டன் பைகளின் முனை கிழியும்.